ஆண்டெனா அனலைசர் வாங்குவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி ஹாம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாம், அதாவது அமெச்சூர் வானொலிக்கான லைசென்ஸ் வந்துவிட்டது, கால்சைன் (நம் நிலையத்தின் அடையாளக் குறியீடு) கிடைத்துவிட்டது, ரிக்கும் (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டி) எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்து ஆண்டெனா. தென்னை மரத்துக்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு டைபோலை (நடுவில் கேபிள் இணையும், இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆண்டெனா) இழுத்துக் கட்டுவது பெரிய வேலையில்லை. கட்டிய கம்பி நீளமா, குட்டையா, எத்தனை சென்டிமீட்டர் வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் மண்டை காயும்.

ரிக்கிலேயே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது; 1 என்றால் முழுப் பொருத்தம், எண் ஏற ஏற மோசம்) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது டிரான்ஸ்மிட் செய்தால்தான் காட்டும். நமக்கு நாற்பது மீட்டர் பேண்டில் (அலைவரிசைத் தொகுதி) அனுமதி 7.0 முதல் 7.2 மெகா ஹெர்ட்ஸ் வரை. ஆண்டெனா 6.6-இல் ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) ஆகி உட்கார்ந்திருந்தால், இந்த மீட்டரில் பேண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லாமே மோசமாகத் தெரியும். சிக்கல் எங்கே இருக்கிறது என்று பேண்டுக்கு வெளியே போய்ப் பார்க்க முடியாது. அனலைசர் மிகச் சிறிய சிக்னலைத் தானே உண்டாக்கி, எந்த அலைவரிசையிலும் ஆண்டெனாவைப் பார்த்துச் சொல்லிவிடும். ரிக்கைத் தொடவே வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் "3 கிகா ஹெர்ட்ஸ், 6 கிகா ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து அனலைசர் வாங்கக்கூடாது. நீங்கள் பேசும் பேண்டை அளக்க வேண்டும், எஸ்.டபிள்யூ.ஆரோடு ரெசிஸ்டன்ஸையும் (ஆர், மின்தடை) ரியாக்டன்ஸையும் (எக்ஸ், ஆண்டெனா ரெசனன்ஸிலிருந்து விலகியிருப்பதைக் காட்டும் அளவு) தனித்தனியாகக் காட்ட வேண்டும், மொட்டை மாடி வெயிலில் திரை தெரிய வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் உபரிதான்.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள்?

ஓசூர் பக்கம் அடுக்குமாடியில் இருந்துகொண்டு கையடக்க ரிக்கில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) பிடித்துப் பேசுபவருக்குத் தேவை இரண்டு மீட்டர் பேண்ட், அதாவது 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரை. கூடவே 434 முதல் 438 வரையும் (70 சென்டிமீட்டர் பேண்ட்) இருந்தால் போதும். பாலக்கோட்டில் தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு இடம் தாராளம், அவர் நாற்பது மீட்டர், இருபது மீட்டர் டைபோல்தான் கட்டுவார். முதலாமவருக்கு எச்.எஃப். (3 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரை) மட்டும் அளக்கும் கருவி உதவாது. இரண்டாமவருக்கு 140 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காத கருவி உதவாது. சொல்லத் தேவையில்லாத விஷயம்போல இருக்கும். ஆனால் என்1201எஸ்.ஏ. என்ற சின்னக் கருவியை விலையை மட்டும் பார்த்து வாங்கி, அது 140-க்கு மேலே மட்டுமே அளக்கும் என்று டைபோல் கட்டிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் போகும் எண்ணம் இருந்தால், எச்.எஃப். முதல் யு.எச்.எஃப். (300 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே) வரை ஒரே கருவியில் பார்க்கக்கூடியதை வாங்குங்கள்.

படி 2: ஆர், எக்ஸ் ஏன் தனித்தனியாக வேண்டும்?

கிருஷ்ணகிரி, தருமபுரி நிலம் பெரும்பாலும் பாறை. இங்கே பலர் கால் அலை வெர்ட்டிக்கலை (அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள, நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா) நட்டு, கீழே தரையில் பரப்பும் நாலு ரேடியல் கம்பியைப் போட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். தரை இழப்பே இல்லாத கால் அலை வெர்ட்டிக்கலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 36 ஓம். ஐம்பது ஓம் கேபிளோடு அது 1.4 போலத்தான் காட்ட வேண்டும். அச்சு அசலாக 50 ஓம் காட்டினால், மீதி 14 ஓம் பெரும்பாலும் மண்ணிலும் பாறையிலும் சூடாகிப் போகிற பவர். அதாவது ரேடியல் போதவில்லை. இன்னும் பத்துக் கம்பி போட்டபின் எஸ்.டபிள்யூ.ஆர். சற்றே ஏறும், ஆண்டெனாவோ முன்பைவிட நன்றாக வேலை செய்யும். எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் காட்டும் கருவியை வைத்துக்கொண்டிருப்பவர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, போட்ட ரேடியலைக் கழற்றிவிடுவார்.

ரியாக்டன்ஸும் அப்படித்தான். எக்ஸ் மைனஸில் இருந்தால் அந்த அலைவரிசைக்குக் கம்பி குட்டை, பிளஸில் இருந்தால் நீளம், பூஜ்யம் என்றால் ரெசனன்ஸ். இது சாதாரண டைபோலுக்கும் கால் அலைக்கும் பொருந்தும், அதுவும் ஆண்டெனா முனையிலேயே அளக்கும்போது. நடுவில் கேபிள் இருந்தால் அது ஆரையும் எக்ஸையும் மாற்றிக் காட்டும். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன். பழைய எம்.எஃப்.ஜே.-259பி அனலைசர் போன்றவை எக்ஸின் அளவைச் சொல்லும், பிளஸா மைனஸா என்று சொல்லாது. அலைவரிசையைக் கொஞ்சம் மேலே ஏற்றி எக்ஸ் கூடுகிறதா குறைகிறதா என்று நாமே ஊகிக்க வேண்டும். பழகிவிட்டால் அதுவும் கைவந்துவிடும், ஆனால் புதியவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

படி 3: சந்தையில் என்ன இருக்கிறது?

குறைந்த செலவு என்றதும் இன்று எல்லோர் வாயிலும் வருவது நானோ வி.என்.ஏ. (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்). ஜப்பானிய ஹாம் ஒருவரின் திறந்த வடிவமைப்பாகத் தொடங்கி, சீனாவில் பெருமளவில் தயாராகி, சில ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஆய்வகத்துக்குள் மட்டுமே இருந்த வேலையைச் சட்டைப்பையில் வைக்கும் கருவி செய்கிறது. 2.8 அங்குலத் திரையோடு வருவது எச், 4 அங்குலத் திரையோடு வருவது எச்4. இரண்டும் எச்.எஃப். தொடங்கி 70 சென்டிமீட்டர் பேண்ட் தாண்டியும் அளக்கும். 300 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே ஹார்மோனிக்கை (அடிப்படைச் சிக்னலின் மடங்கு) வைத்து அளப்பதால் துல்லியம் குறையும். ஆண்டெனா வெட்டும் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதே குடும்பத்தில் 3 கிகா ஹெர்ட்ஸ் வரை போகும் வி2, 6 கிகா ஹெர்ட்ஸைத் தாண்டும் லைட் வி.என்.ஏ. எல்லாம் உண்டு. வைஃபை ஆண்டெனா, செயற்கைக்கோள் டிஷ் என்று போகிறவர்களுக்கு அவை சரி. டைபோலுக்கு அந்தக் கூடுதல் பணம் வீண்.

அடுத்த படி ரிக்எக்ஸ்பர்ட். உக்ரைன் நிறுவனம். ஏ.ஏ.-35 சூம் 35 மெகா ஹெர்ட்ஸ் வரை, ஏ.ஏ.-55 சூம் 55 வரை. விலை நானோவைவிடப் பல மடங்கு. பணத்துக்கு என்ன கிடைக்கிறது? உறுதியான உடம்பு, கோஆக்ஸின் (ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள்) பிஎல்-259 பிளக்கை நேராகத் திருகும் கனெக்டர், ஆன் செய்தவுடன் கேலிப்ரேஷன் (அளவைச் சரிசெய்தல்) இல்லாமலே நம்பக்கூடிய அளவு, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடும் வசதி. கிளப்புக்காகப் பலர் சேர்ந்து வாங்கி, பலர் கையில் மாறும் கருவி என்றால் இதைத்தான் பரிந்துரைப்பேன். தனி ஆள், வருடத்துக்கு ஓரிரு ஆண்டெனா கட்டுபவர் என்றால் தேவையில்லை. இரண்டு மீட்டர் பேண்ட் இந்த இரண்டு மாடலிலும் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

எம்.எஃப்.ஜே. நிறுவனம் 2024 மே மாதத்தில் அமெரிக்காவின் ஸ்டார்க்வில்லில் இருந்த தன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 259 வரிசை இனி பெரும்பாலும் பழைய கருவியாகத்தான் கைக்கு வரும். முள் காட்டும் மீட்டர் என்பதால் நடுப்பகல் வெயிலிலும் பளிச்சென்று தெரியும், அது ஒரு பெரிய வசதி. ஆனால் பத்து பென்சில் பேட்டரி தின்னும், பேட்டரி கசிந்த கருவிகள் நிறைய, உள்ளே உள்ள டயோடுகள் ஸ்டேட்டிக்கில் அடிபட்டிருக்கலாம். இன்னொரு குறை உண்டு. அது அகலத் திறப்புள்ள டிடெக்டர், பக்கத்தில் ஒரு பெரிய ஒலிபரப்பு டவர் இருந்தால் அந்தச் சிக்னலையும் சேர்த்து அளந்துவிடும். தருமபுரி நகரில் 102.5-இல் ஒலிபரப்பும் வானொலி நிலையத்துக்கு அருகில் வீடு இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். நானோ, ரிக்எக்ஸ்பர்ட் போன்றவை குறுகிய திறப்பில் கேட்பவை, இந்தத் தொல்லை அவற்றில் குறைவு.

மினி60 என்று ஒன்று இணையத்தில் மலிவாக வரும். 60 மெகா ஹெர்ட்ஸ் வரை அளக்கும். நானோ வருவதற்கு முன் அதற்கு மதிப்பு இருந்தது. இன்று அதே பணத்துக்கு நானோ கிடைக்கும்போது அதை வாங்கக் காரணம் இல்லை.

சாலிடரிங் அயர்ன் பிடிக்கப் பிடிக்கும் என்றால், பிட்எக்ஸ் ரிக்கை வடிவமைத்த ஹைதராபாத் ஹாம் அஷ்ஹர் ஃபர்ஹான் உருவாக்கிய ஆன்டுயினோ என்ற கருவியின் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். ஆர்டுயினோவை மையமாக வைத்தது. கட்டி முடிக்கும்போது ஆண்டெனாவைப் பற்றி மட்டுமல்ல, சூப்பர்ஹெட் ரிசீவரைப் பற்றியும் கற்றிருப்பீர்கள்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு என் பதில் எச்4. இரண்டு காரணம். சின்னத் திரையில் உள்ள எழுத்து நாற்பது வயது தாண்டிய கண்ணுக்கு எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். அப்புறம், எச்4-இன் பேட்டரி பெரிது. ஒரு நாள் முழுக்க மாடியில் நின்று வேலை செய்தாலும் தாங்கும்.

படி 4: கருவியோடு சேர்த்து என்ன வாங்க வேண்டும்?

பட்ஜெட்டில் ஒரு பகுதியைக் கனெக்டருக்கு ஒதுக்குங்கள். நானோவில் இருப்பது எஸ்எம்ஏ என்ற சின்னக் கனெக்டர். நம் கோஆக்ஸில் இருப்பது பிஎல்-259. கனமான ஆர்ஜி-213 கேபிளை ஒரு உலோக அடாப்டரில் மாட்டி நேராக நானோவில் தொங்கவிட்டால் சில நாளில் எஸ்எம்ஏ போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய கேபிளில், ஒரு முனையில் எஸ்எம்ஏ ஆணும் மறுமுனையில் எஸ்ஓ-239 (பிஎல்-259 பிளக் பொருந்தும் சாக்கெட்) பெண்ணும் உள்ள பிக்டெயிலை வாங்குங்கள். கையடக்க ரிக் ஆண்டெனாவை அளப்பவர், அந்த ஆண்டெனாவில் எஸ்எம்ஏ ஆணா பெண்ணா என்று பார்த்து அதற்கேற்ற அடாப்டரும் வாங்க வேண்டும். சீன ரிக்குகளில் இது மாறி இருக்கும்.

எஸ்எம்ஏவைத் திருகும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்போடு திருப்பினால் நடு ஊசி தேயும்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டும் தூரம். இந்தக் கனெக்டர்களை அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம், ஊசி வழுவழுப்பாக இருக்கிறதா, நட்டு ஆடுகிறதா என்று பார்க்க முடியும். தருமபுரி, சேலம் பக்கத்து ஆட்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட இதுவே அருகில். அனலைசரை மட்டும் இணையத்தில் வாங்குவது வழக்கம். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர் கட்டணம் எல்லாம் சேரும், பழுதானால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். உள்ளூர் விற்பனையாளரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பில்லோடு வாங்குவது நல்லது. பேட்டரி உள்ளே இருக்கிறதா, உலோக ஷீல்டு போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். மலிவான நகல்களில் இவை இல்லாமல் போவதுண்டு.

படி 5: வந்தவுடன் சோதிப்பது

இதற்கு ஊரில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டர் போதும். 100 ஓம் மூன்று, 150 ஓம் ஒன்று வாங்குங்கள். முதலில் கருவியோடு வந்த ஐம்பது ஓம் லோடை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 50-ஐ ஒட்டி வர வேண்டும். பிறகு கேலிப்ரேட் செய்து (முறை கீழே), ரெசிஸ்டர் கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி, ஒரு எஸ்ஓ-239 சாக்கெட்டில் பற்றவைத்து 7 மெகா ஹெர்ட்ஸில் அளக்கவும். ஒரு 100 ஓம் போட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். 2. 150 ஓம் போட்டால் 3. இரண்டு 100 ஓம் இணையாகப் போட்டால் 1. சற்று முன்பின் வந்தால் பரவாயில்லை. 100 ஓம்முக்கு 1.4 என்று காட்டினால் கேலிப்ரேஷன் பிசகு அல்லது கருவி பிசகு.

பழைய கருவி வாங்கும்போதும் இந்த ரெசிஸ்டர்களைப் பையில் கொண்டுபோங்கள். ஹாம்ஃபெஸ்ட் போன்ற கூட்டங்களில் விற்பவர் முன்னாலேயே மாட்டிப் பார்க்கலாம். நல்ல கருவி வைத்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 6: கேலிப்ரேட் செய்து டைபோல் வெட்டுவது

நானோவைப் பற்றி வரும் புகார்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆன் செய்தால் 900 மெகா ஹெர்ட்ஸ் வரை மொத்தத்தையும் அளக்கிற நிலையில் இருக்கும். 101 புள்ளிகள்தான் அளக்கிறது என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 9 மெகா ஹெர்ட்ஸ். நம் 7.0-7.2 பேண்ட் முழுக்க அந்த இடைவெளிக்குள் காணாமல் போய்விடும். எனவே முதலில் ஸ்டிமுலஸ் மெனுவுக்குப் போய் தொடக்கம் 6.5, முடிவு 7.7 என்று வையுங்கள். இப்போது புள்ளிக்குப் புள்ளி 12 கிலோ ஹெர்ட்ஸ். அதன் பிறகுதான் கேலிப்ரேஷன். வரம்பை மாற்றினால் மறுபடியும் கேலிப்ரேட் செய்வது உத்தமம்.

பழைய கேலிப்ரேஷனை ரீசெட் செய்துவிட்டு, ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கே இணைத்த முனை), லோடு (ஐம்பது ஓம்) மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி அந்தந்தப் பொத்தானை அழுத்துங்கள். ஆண்டெனாவுக்கு இந்த மூன்று போதும், த்ரூ (கருவியின் இரண்டு வாயையும் இணைத்துச் செய்வது) தேவையில்லை. முடித்ததும் சேவ். பூஜ்யம் எண் இடத்தில் சேமித்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது தானாக வரும். நாற்பது மீட்டருக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று, இரண்டு மீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி இடத்தில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் எங்கே மாட்டிக் கேலிப்ரேட் செய்கிறீர்களோ, அந்த இடம்தான் கருவியின் கண். நானோவின் வாயில் செய்தால், கோஆக்ஸும் ஆண்டெனாவும் சேர்ந்து தெரியும். கோஆக்ஸின் மறுமுனையில், ஆண்டெனா மாட்டும் இடத்தில் செய்தால் ஆண்டெனா மட்டும் தெரியும், ஆர், எக்ஸ் உண்மையாக வரும். இதற்கு எஸ்எம்ஏ லோடை பிஎல்-259-இல் மாட்ட ஒரு அடாப்டர் வேண்டும். டைபோலை மேலே ஏற்றுவதற்கு முன் கீழேயே இதைச் செய்துவிட்டு ஏற்றினால், அப்புறம் தரையில் நின்றபடியே அளக்கலாம்.

இப்போது கம்பி. மொத்த நீளம் மீட்டரில் 143-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும். 7.1-க்கு 20.14, பக்கத்துக்குப் பத்து மீட்டரை ஒட்டி. எப்போதும் ஒரு சாண் கூடுதலாகவே வெட்டுங்கள். மேலே ஏற்றி அளக்கும்போது, எஸ்.டபிள்யூ.ஆர். கோடு எங்கே தாழ்ந்து நிற்கிறது என்று மார்க்கரை நகர்த்திப் பாருங்கள். உதாரணமாக 20.14 மீட்டர் கம்பி 6.85-இல் தாழ்கிறது என்றால், 20.14-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.43. மொத்தம் 71 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 35 குறைக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டாமல் முதலில் மடித்துச் சுற்றிக் கட்டி அளந்து பார்த்துவிட்டு வெட்டலாம். இன்வெர்ட்டட் வி-யாக, அதாவது நடு உயர்ந்து இரண்டு முனையும் தாழ்ந்திருக்கும்படி கட்டினால் உயரம், கோணம், பக்கத்தில் உள்ள தகரக் கூரை எல்லாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். அதனால்தான் கடைசி உயரத்தில் வைத்து அளக்கச் சொல்வது.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்பி வரும் பவர் 4 சதவீதம்தான். 2 என்றால் 11 சதவீதம். 1.0 காண்பதற்காக மூன்று மாலைப்பொழுதைச் செலவழிப்பதற்குப் பதில் ஆண்டெனாவை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தலாம்.

படி 7: கருவி ஏமாற்றும் இடங்கள்

நீளமான மெல்லிய கேபிள் எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டும். ஆர்ஜி-58 கேபிளில் 145 மெகா ஹெர்ட்ஸில் 30 மீட்டருக்குச் சுமார் 6 டெசிபல் இழப்பு. போய்த் திரும்பினால் 12. மறுமுனையில் ஆண்டெனாவே மாட்டாமல் விட்டாலும் அனலைசர் 1.7 என்று சொல்லும்! அதனால் கேபிளைத் தனியாக, மறுமுனை திறந்த நிலையில் ஒரு முறை அளந்து வையுங்கள்.

கருவியைக் கையில் பிடித்தால் ஒரு அளவு, மேசையில் வைத்தால் ஒரு அளவு என்று மாறினால், கோஆக்ஸின் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடுகிறது. கருவியைக் குறை சொல்ல வேண்டாம். ஆண்டெனா முனையில் ஒரு சோக் பாலன் (அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் சாதனம்) போட்டால் அடங்கிவிடும்.

சித்திரை, வைகாசியில் இங்கே மாலை நேர இடிமழை சகஜம். மேகம் கூடியிருக்கும்போது நீளக் கம்பியில் ஏறி நிற்கும் ஸ்டேட்டிக் நானோவின் வாயை ஒரு நொடியில் சாகடிக்கும். மாட்டுவதற்கு முன் பிஎல்-259-இன் நடு ஊசியையும் வெளி உடம்பையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒரு கணம் இணைத்துவிடுங்கள். இடிச் சத்தம் கேட்கிறது என்றால் அளக்கவே வேண்டாம், இறங்கிவிடுங்கள். அதேபோல் அனலைசர் மாட்டிய கேபிளில் தவறிக்கூட டிரான்ஸ்மிட் செய்யக்கூடாது. பக்கத்து ஆண்டெனாவில் ஐம்பது வாட் போட்டாலும் ஆபத்துதான்.

வெயிலுக்கு ஒரு யோசனை. நானோவின் திரை பங்குனி வெயிலில் வெறும் கண்ணாடி. அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் கருவியை வைத்துப் பார்க்கலாம். ஓடிஜி கேபிளில் ஆண்ட்ராய்டு போனோடு இணைத்தால் திரைப் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளலாம், லேப்டாப் இருந்தால் நானோ வி.என்.ஏ. சேவர் என்ற இலவச மென்பொருளில் படத்தையும் சேமிக்கலாம்.

அப்படிச் சேமிப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டெனா கட்டி முடித்த அன்று எடுத்த கோட்டை, ஐப்பசி மழை முடிந்ததும் எடுக்கும் கோட்டோடு ஒப்பிடுங்கள். ரெசனன்ஸ் நகர்ந்திருந்தால் கம்பி தளர்ந்திருக்கலாம், கிளை உரசலாம். எதுவும் செய்யாமலே எஸ்.டபிள்யூ.ஆர். பேண்ட் முழுக்கத் தட்டையாக, முன்பைவிட நன்றாகக் காட்டினால் கோஆக்ஸுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.